‘ஒரே உண்மைத் திருச்சபை’: கத்தோலிக்கர்களுக்குள் ஓயாத வழக்கு

2025 நவம்பர் 28 அன்று துருக்கியின் இஸ்னிக் நகரில், ஒரு பழைய தேவாலயத்தின் இடிபாடுகள் அருகே போப் பதினான்காம் லியோ நின்று பிரார்த்தித்தார். கிழக்கு ஆர்த்தடாக்ஸ் பிதாப்பிதா பர்த்தலோமேயுவும் உடன் இருந்தார். இன்றைய இஸ்னிக்தான் அன்றைய நிசியா. கி.பி. 325இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஆயர்களைக் கூட்டி மாநாடு நடத்திய ஊர். ஈஸா நபி (அலை) அவர்களை இறைவனின் மகன் என்றும், இறைவனோடு ஒரே தன்மை உடையவர் என்றும் கூறும் விசுவாச அறிக்கை அங்கேதான் எழுதப்பட்டது. அதன் 1700ஆம் ஆண்டு நிறைவுக்காகவே போப் அங்கு போனார். மறுநாள் இஸ்தான்புல்லில் சுல்தான் அஹ்மது பள்ளிவாசலுக்கும் சென்றார். காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே சுற்றிப் பார்த்தார். அங்கே பிரார்த்தனை எதுவும் செய்யவில்லை.

போப் எதைச் செய்தாலும் நம் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு வகையான பதிவுகள் வந்து விழும். ஒன்று, “எல்லா மார்க்கமும் சரிதான் என்று போப்பே ஒப்புக்கொண்டுவிட்டார்” என்பது. மற்றொன்று, “இவர்கள் காலத்துக்குத் தக்கபடி கொள்கையை மாற்றிக்கொள்கிறார்கள், நாம் மட்டும்தான் மாறாமல் இருக்கிறோம்” என்பது. பிள்ளைகள் இரண்டையும் படித்துவிட்டு வந்து கேள்வி கேட்கிறார்கள். இரண்டுமே உண்மை நிலவரத்தைச் சொல்லவில்லை. கத்தோலிக்கத் திருச்சபைக்குள் சத்தியம் மாறும் என்று சொல்லும் போப் எவரும் இல்லை. சண்டை போடும் இரண்டு தரப்பும் சத்தியம் மாறாது என்றுதான் சொல்கின்றன. மாறாத ஒன்று இன்னது என்று அறுதியிட்டுச் சொல்லும் உரிமை யாருக்கு என்பதில்தான் வழக்கு.

அதற்குள் போகும் முன் நிசியாவைப் பற்றி ஒரு வார்த்தை. நான்கு இன்ஜீல்களை மட்டும் தேர்ந்தெடுத்து மற்றவற்றை எரித்தது நிசியாவில்தான் என்று நம் மேடைகளில் சிலர் பேசுகிறார்கள். அந்த மாநாடு இயற்றிய 20 விதிகளில் வேத நூல்களின் பட்டியல் கிடையாது. அங்கே பேசப்பட்டவை அரியஸ் என்ற பாதிரியாரின் கொள்கை, ஈஸ்டர் நாளைக் கணிக்கும் முறை, ஆயர்களின் அதிகார எல்லை போன்றவை. தவ்ஹீதை எடுத்துச் சொல்ல நமக்குத் தவறான வரலாறு தேவையில்லை.

சிப்ரியான் முதல் பாஸ்டன் வரை

திருச்சபைக்கு வெளியே ஈடேற்றம் இல்லை என்ற கோட்பாடு கி.பி. மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜின் ஆயராக இருந்த சிப்ரியான் பெயரோடு சேர்ந்தது. கார்த்தேஜ் இன்றைய துனீசியாவில் இருக்கிறது. அவர் இதைச் சொன்னது பிற மதத்தவரைப் பார்த்து அல்ல. திருச்சபையை விட்டுப் பிரிந்து தனிக்குழு அமைத்த கிறிஸ்தவர்களைப் பார்த்துச் சொன்னார். ஆனால் காலப்போக்கில் வரம்பு விரிந்தது. 1302இல் எட்டாம் போனிஃபாஸ், ரோமின் போப்புக்குக் கீழ்ப்படிவது ஈடேற்றத்துக்கு அவசியம் என்று அறிவித்தார். மதகுருக்கள் மீது வரி போடுவது பற்றி பிரெஞ்சு மன்னர் நான்காம் பிலிப்போடு தொடங்கிய அதிகாரத் தகராறு முற்றியிருந்த நேரம் அது. அடுத்த ஆண்டே மன்னரின் ஆட்கள் போப்பைச் சிறைபிடித்தார்கள். 1442இல் புளோரன்ஸ் சங்கம், யூதர்களும் பிற மதத்தவரும் பிரிந்துபோன கிறிஸ்தவர்களும் திருச்சபையில் சேராமல் இறந்தால் நரகமே என்று பெயர் சொல்லியே எழுதிவைத்தது. (இவர்கள் சங்கம் என்பது ஆயர்களின் பெருங்கூட்டத்தை.)

ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1492இல், கொலம்பஸ் அட்லாண்டிக்கைக் கடந்தார். ஈஸா நபி (அலை) பெயரையே கேட்டிராத ஒரு கண்டம் நிறைய மக்கள் இருப்பது தெரியவந்தது. அவர்கள் முன்னோர் அனைவரும் என்ன ஆவார்கள்? ஐரோப்பிய இறையியலாளர்கள் இதற்குப் பதில் தேடத் தொடங்கியது அதன் பிறகுதான் தீவிரமானது.

நம்மவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஹிஜ்ரி 505இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ‘ஃபைஸலுத் தஃப்ரிகா’ என்ற நூலில் இதை விரிவாகப் பேசியிருக்கிறார்கள். நபி (ஸல்) அவர்களின் பெயரே எட்டாதவர்கள், சரியாக எட்டியும் மறுத்தவர்கள், சிறுவயது முதல் திரித்த செய்தியை மட்டுமே கேட்டவர்கள் என்று மூன்றாகப் பிரித்து, முதல் வகையாரும் மூன்றாம் வகையாரும் இறைவனின் கருணைக்கு உரியவர்கள் என்பதே அவர்களின் நிலை. அன்றைய ரோமர்களில் பெரும்பாலோரையும் அவர்கள் அந்தக் கருணைக்குள்தான் வைத்தார்கள். அழைப்பு சேராதவர் மீது பொறுப்பு இல்லை என்பது அஷ்அரி வழி. படைத்தவன் ஒருவன் இருக்கிறான் என்று அறிவைக் கொண்டு அறியும் கடமை அவருக்கும் உண்டு என்பது மாத்துரீதி வழியில் பரவலான கருத்து. நம் கடற்கரை ஊர்களின் ஷாஃபிஈ மத்ரஸாக்களில் பொதுவாக முன்னதும், உள் மாவட்டங்களின் ஹனஃபி மத்ரஸாக்களில் பின்னதும் பாடம். இரு தரப்பாரும் ஒரே பள்ளியில் ஒரே இமாமுக்குப் பின்னால் தொழுகிறோம்.

ரோமில் நிலைமை வேறு. அங்கே ஒரு தீர்ப்பாளர் இருக்கிறார். அவர் இருப்பதால் என்ன நேரும் என்பதற்கு லியோனார்ட் ஃபீனி என்ற அமெரிக்கப் பாதிரியாரின் கதையைவிடத் தெளிவான சான்று இல்லை.

ஃபீனி இயேசு சபைக் குரு. எழுத்தாளராகவும் பேச்சாளராகவும் பெயர் பெற்றவர். 1940களில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அருகில் இருந்த ஒரு கத்தோலிக்க மாணவர் மையத்தில் பேசி வந்தார். திருச்சபைக்கு வெளியே ஈடேற்றம் இல்லை என்ற பழைய கோட்பாட்டை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொள்ள வேண்டும், கத்தோலிக்க ஞானஸ்நானம் பெறாத எவரும் சொர்க்கம் போக முடியாது என்பது அவர் போதனை. பாஸ்டனில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் யூதர்களும் கலந்து வாழ்ந்தார்கள். அவருடைய மாணவர்கள் பலர் படிப்பைக் கைவிட்டு அவரோடு சேர்ந்தார்கள். அவர் கருத்தோடு ஒத்துப்போன சில ஆசிரியர்கள், தாங்கள் வேலை பார்த்த கத்தோலிக்கக் கல்லூரியே தவறான கொள்கையைப் போதிக்கிறது என்று புகார் எழுப்பி வேலை இழந்தார்கள்.

1949 ஆகஸ்டில் ரோமிலிருந்து பாஸ்டன் பேராயருக்குக் கடிதம் வந்தது. கோட்பாடு உண்மைதான், மாறவில்லை. ஆனால் திருச்சபை அதை எப்படிப் புரிந்துகொள்கிறதோ அப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். அறியாமையால் வெளியே நிற்கும் ஒருவர் மனத்தளவில் இறைவனுக்குக் கட்டுப்படும் நாட்டத்தோடு இருந்தால் அவரும் ஈடேற்றம் பெற வாய்ப்பு உண்டு என்பது அதன் சாரம். ஃபீனி ஏற்கவில்லை. விளக்கம் கேட்டு ரோம் அழைத்தது, போகவில்லை. 1953 பிப்ரவரியில் அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கினார்கள். வெளியே இருப்பவருக்கு ஈடேற்றமே இல்லை என்று ஊரெல்லாம் முழங்கிய மனிதரை வெளியே அனுப்பினார்கள். 1972இல் மீண்டும் சேர்த்துக்கொண்டார்கள். தம் கருத்தை அவர் திரும்பப் பெறவேயில்லை என்று அவருடைய ஆதரவாளர்கள் இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள்.

இரண்டாம் வத்திகான் சங்கம் கூடுவதற்கு முன்பே இது நடந்துவிட்டது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். எல்லாம் 1960களின் நாகரிக மோகத்தால் வந்த வினை என்று சொல்வோர் ஃபீனியின் விலக்கத்துக்கு என்ன விளக்கம் சொல்வார்கள் என்று தெரியவில்லை.

சங்கமும் அதை மறுத்த பேராயரும்

1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திகான் சங்கத்தின் ஆவணங்களில் மூன்று நமக்கு முக்கியம். 1964இல் வந்த ஆவணம், கிறிஸ்துவின் திருச்சபையே கத்தோலிக்கத் திருச்சபை என்று நேராகச் சொல்லும் வினையை எடுத்துவிட்டு, அது கத்தோலிக்கத் திருச்சபையில் நிலைத்திருக்கிறது என்று பொருள்படும் லத்தீன் சொல்லை வைத்தது. ஒரு சொல்தான். அதற்கு என்ன பொருள் என்று அறுபது ஆண்டுகளாக வாதம் நடக்கிறது. 2000ஆம் ஆண்டில் கர்தினால் ராட்சிங்கர், பின்னாளில் போப் பதினாறாம் பெனடிக்ட் ஆனவர், ஒரு விளக்க ஆவணம் வெளியிட்டார். பழைய உரிமைக்கோரல் அப்படியே இருக்கிறது, புராட்டஸ்டன்ட் சமூகங்களைச் சரியான பொருளில் திருச்சபைகள் என்று சொல்ல முடியாது என்றது அது. புராட்டஸ்டன்டுகள் வருத்தப்பட்டார்கள்.

இரண்டாவது, பிற மதங்களைப் பற்றிய அறிக்கை. 1965 அக்டோபர் 28 அன்று 2,221 பேர் ஆதரவாகவும் 88 பேர் எதிராகவும் வாக்களித்து நிறைவேறியது. முஸ்லிம்களைத் திருச்சபை மதிப்போடு நோக்குகிறது என்றும், நாம் ஒரே இறைவனை வணங்குகிறோம், தொழுகை, தர்மம், நோன்பு ஆகியவற்றைப் பேணுகிறோம் என்றும் அதில் இருக்கிறது. நம் கூட்டங்களில் இதை அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார்கள். அதில் எது இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். நபி (ஸல்) அவர்களின் பெயர் இல்லை. குர்ஆன் இல்லை. ஹஜ் இல்லை. எழுதியவர்கள் மறதியால் விட்டதல்ல இது. மதிப்பது வேறு, உண்மை என ஏற்பது வேறு என்று எண்ணித்தான் எழுதியிருக்கிறார்கள். அந்த எல்லையை மறைத்துவிட்டு, நம்மை அங்கீகரித்துவிட்டார்கள் என்று பேசுவது அவர்களுக்கும் நியாயம் செய்வதாகாது.

மூன்றாவது, மதச் சுதந்திரம் பற்றியது. அதற்குப் பிறகு வருகிறோம்.

இந்த மாற்றங்களை ஏற்காதவர்களில் முதன்மையானவர் பிரெஞ்சுப் பேராயர் மார்செல் லெஃபெவ்ர். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் செனகலின் தலைநகர் டக்காரில் பேராயராக இருந்தவர். 1970இல் புனித பத்தாம் பயஸ் சபை என்ற குருக்கள் அமைப்பைத் தொடங்கினார். பழைய லத்தீன் பூசை, பழைய போதனை, இரண்டிலும் கைவைக்கக் கூடாது என்பது அவர் நிலை. நம் பாளையங்கோட்டையிலும் அந்தச் சபைக்கு ஒரு மையம் உண்டு. 1988 ஜூன் 30 அன்று சுவிட்சர்லாந்தின் எக்கோன் என்ற இடத்தில், போப்பின் அனுமதி இல்லாமல் நான்கு பேரை ஆயர்களாக அபிஷேகம் செய்தார். அவரும் அந்த நால்வரும் விலக்கப்பட்டதாக ரோம் அறிவித்தது. நால்வர் மீதான தடையை 2009இல் பதினாறாம் பெனடிக்ட் நீக்கினார். கொள்கை வழக்கு தீரவில்லை.

அவர் மாட்டிக்கொண்ட இடத்தைப் பாருங்கள். போப்புக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதே அவர் காக்க விரும்பிய பழைய போதனையின் தூண். அதைக் காக்க அவர் போப்பை மீறினார். மறுபக்கம் ரோம், முன்பு சொன்னதற்கும் இப்போது சொல்வதற்கும் முரண் இல்லை, நாங்கள் சொல்கிறோம், நம்புங்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. இதற்கு அவர்கள் நாடுவது ஜான் ஹென்றி நியூமனின் வாதத்தை. ஆங்கிலிக்கனாக இருந்து 1845இல் கத்தோலிக்கராக மாறிய அவர், அதே ஆண்டு வெளியிட்ட நூலில், கோட்பாடு உயிருள்ளது போல வளர்கிறது, வளர்ச்சி வேறு, சிதைவு வேறு, இரண்டையும் பிரித்தறிய ஏழு அடையாளங்கள் உண்டு என்று வாதிட்டார். அவரைத் திருச்சபையின் மறைவல்லுநராக 2025 நவம்பர் 1 அன்று லியோ அறிவித்ததைத் தற்செயல் என்று நாம் நினைக்கவில்லை.

வட்டி

நம் வாசகர்களுக்கு இந்த வளர்ச்சி வாதம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரியவைக்க வட்டியைவிடப் பொருத்தமான விஷயம் இல்லை.

1179இல் மூன்றாம் லாத்தரன் சங்கம், வெளிப்படையாக வட்டி வாங்குவோருக்குக் கிறிஸ்தவ முறை அடக்கம் கூடாது என்றது. 1311இல் கூடிய வியென் சங்கம், வட்டி பாவமல்ல என்று பிடிவாதமாக வாதிடுவோரைக் கொள்கை விரோதிகளாகத் தண்டிக்க வேண்டும் என்றது. 1745இல் பதினான்காம் பெனடிக்ட் இத்தாலிய ஆயர்களுக்கு எழுதிய கடிதத்தில், கடன் கொடுத்தேன் என்ற காரணத்துக்காக மட்டும் அசலுக்கு மேல் வாங்குவது பாவம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டு, கடனுக்கு வெளியே வேறு நியாயமான காரணங்கள் இருக்கலாம் என்றும் சேர்த்தார். அந்தச் சிறு இடைவெளி போதுமானதாயிற்று. 1830களில், மிதமான வட்டி வாங்கியவர்கள் பாவமன்னிப்புக்கு வந்தால் அவர்களைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று ரோம் பதில் அனுப்பியது. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் வட்டிக்கு இடம் கொடுத்தது. 1942இல் வத்திகானில் இன்று வத்திகான் வங்கி என்று அறியப்படும் நிறுவனமே தொடங்கப்பட்டது. முந்தைய தீர்ப்பு தவறு என்று யாரும் எந்த நாளிலும் அறிவிக்கவில்லை. தீர்ப்பு மாறவில்லை, பணத்தின் தன்மைதான் மாறியது என்பது அவர்களின் விளக்கம்.

இதே வாதம் நம்மிடமும் வந்தது. 1989இல் எகிப்தின் முஃப்தியாக இருந்த முஹம்மது சையித் தந்தாவி அரசு முதலீட்டுப் பத்திரங்களின் வருமானத்தைக் கூடும் என்றார். 2002இல், அவர் ஷைகுல் அஸ்ஹராக இருந்தபோது, அல்அஸ்ஹரின் ஆய்வு மன்றம் வங்கி வைப்புக்கு முன்கூட்டியே நிர்ணயித்த லாபத்தையும் அனுமதித்தது. அதற்கு முன்பே, 1985இல், இஸ்லாமிய நாடுகள் அமைப்பின் ஃபிக்ஹ் அகாடமி வங்கி வட்டி ரிபாதான் என்று முடிவு செய்திருந்தது. பெரும்பாலான உலமாக்கள் அஸ்ஹரின் முடிவை ஏற்கவில்லை. உம்மத் முழுவதையும் கட்டுப்படுத்தும் கையெழுத்து எவரிடமும் இல்லாததால் ஹராம் ஹராமாகவே நின்றது. அதே காரணத்தால்தான் ஒரே தெருவில் இரண்டு நாளில் பெருநாள் கொண்டாடுகிறோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். போப் இல்லாமை நமக்குப் பாதுகாப்பாகவும் இருக்கிறது, தலைவலியாகவும் இருக்கிறது.

அபூதாபியும் அதற்குப் பின்னும்

2019 பிப்ரவரி 4 அன்று அபூதாபியில் போப் பிரான்சிஸும் ஷைகுல் அஸ்ஹர் அஹ்மது அத்தைய்யிபும் மனித சகோதரத்துவ ஆவணத்தில் கையெழுத்திட்டார்கள். மதங்கள் பலவாக இருப்பது இறைவன் தன் ஞானத்தால் நாடியது என்று அதில் ஒரு வாக்கியம் வந்தது. கத்தோலிக்கரில் பழமைப் பற்றாளர்கள் கொதித்தார்கள். தவறான மதத்தை இறைவன் எப்படி நாடுவான் என்று கஜகஸ்தானின் துணை ஆயர் அத்தனேசியுஸ் ஷ்னைடர் போப்பிடமே கேட்டார். இறைவன் அனுமதிக்கிறான் என்ற பொருளில்தான் என்று போப் பதில் சொன்னதாக அவர் தெரிவித்தார்.

அகீதா பாடம் படித்த நம் மாணவர் எவரும் இதைக் கேட்டுப் புன்னகைப்பார். அல்லாஹ்வின் நாட்டம் வேறு, பொருத்தம் வேறு. நடப்பது அனைத்தும் அவன் நாட்டப்படியே நடக்கிறது. நடப்பது அனைத்தையும் அவன் பொருந்திக்கொள்வதில்லை. இரண்டு தலைவர்கள் ஒரே வாக்கியத்தில் கையெழுத்திட முடிந்ததற்கு இந்த வேறுபாடே காரணமாக இருக்கலாம் என்பது நம் எண்ணம். ஷைகுல் அஸ்ஹரை நம்மில் யாரும் இதற்காக மார்க்கத்தை விட்டவர் என்று சொல்லத் தேவை இருக்கவில்லை.

2024 செப்டம்பரில் சிங்கப்பூரில் பல மத இளைஞர்களிடம் பிரான்சிஸ் பேசியது இதைத் தாண்டியது. எல்லா மதங்களும் இறைவனை அடையும் வழிகள், பல மொழிகள் போன்றவை என்ற பொருளில் அவர் பேசினார். முன்பு சொன்ன வாட்ஸ்அப் பதிவுகளில் பல இதை வைத்துத்தான் எழுதப்படுகின்றன. இளைஞர் கூட்டத்தில் போப் வாய்மொழியாகச் சொன்னது திருச்சபையின் கோட்பாடு ஆகாது. சங்கத்தின் ஆவணங்களும் 2000ஆம் ஆண்டின் விளக்கமும் அப்படியே இருக்கின்றன. பயான் மேடையில் ஒரு ஆலிம் உவமைக்குச் சொன்னதை ஃபத்வாவாக எடுத்துக்கொண்டு வருபவர்களை நமக்கும் தெரியும்.

இனி அந்த மூன்றாவது ஆவணம். தவறான கொள்கைக்கு உரிமை கிடையாது, கத்தோலிக்க அரசு பிற வழிபாடுகளைப் பொதுவெளியில் தடுக்கலாம் என்பது முன்பு அவர்களிடம் நிலவிய போதனை. ஃபிராங்கோவின் ஸ்பெயினில் 1945ஆம் ஆண்டுச் சட்டம் கத்தோலிக்கம் தவிர வேறு மதத்தின் வெளிப்படையான சடங்குகளை அனுமதிக்கவில்லை. 1967இல்தான் அங்கு மதச் சுதந்திரச் சட்டம் வந்தது. 1965 டிசம்பர் 7 அன்று நிறைவேறிய சங்கத்தின் ஆவணம், சத்தியம் ஒன்றே, ஆனால் மனசாட்சியின் மீது அரசு கைவைக்கக் கூடாது என்றது. லெஃபெவ்ர் மிகக் கடுமையாக எதிர்த்தவற்றில் ஒன்று இது. அவருடைய கொள்கை உறுதியைப் பாராட்டும் முஸ்லிம்களை நாம் பார்த்திருக்கிறோம். அவர் விரும்பிய கத்தோலிக்க அரசில் நம் மினாராவுக்கும் பாங்குக்கும் என்ன இடம் இருந்திருக்கும் என்று அவர்கள் யோசிக்க வேண்டும். பிரான்சில் வாழும் முஸ்லிம்களைப் பற்றி அவர் பேசிய பேச்சுக்காக 1990இல் அந்நாட்டு நீதிமன்றம் அவருக்கு அபராதம் விதித்தது.

நம் மார்க்கமே சத்தியம் என்று நாம் நம்புகிறோம். அதைச் சொல்ல வெட்கப்படவில்லை. கத்தோலிக்க அண்டைவீட்டார் தம் திருச்சபையைப் பற்றி அப்படி நம்புவதிலும் நமக்குக் கோபம் இல்லை. ஆனால் இந்திய அரசமைப்பின் 25ஆவது பிரிவை இங்கே நெஞ்சில் வைத்துப் பேசிவிட்டு, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள நாடுகளில் தேவாலயம் கட்டுவதற்குத் தடை என்ற செய்தி வந்தால் பேச்சை மாற்றுகிறோமா என்பது நம் வீடுகளில் கேட்கப்பட வேண்டிய கேள்வி. பிள்ளைகள் அதையும் கேட்கிறார்கள்.

இதை எழுதும் 2025 டிசம்பரில், எக்கோனில் அபிஷேகம் பெற்ற நால்வரில் இருவர் உயிரோடு இல்லை. ஒருவர் 2024 அக்டோபரிலும் மற்றொருவர் 2025 ஜனவரியிலும் இறந்தார்கள். எஞ்சிய இருவரும் எழுபதை நெருங்குகிறார்கள். புதிய குருக்களுக்குப் பட்டம் கொடுக்க அந்தச் சபைக்கு ஆயர்கள் வேண்டும். ரோம் அனுமதித்தால், சங்கத்தை ஏற்காதவர்களுக்கு ஆயர் பதவி ஏன் என்று ஒரு தரப்பு கேட்கும். அனுமதிக்காவிட்டால் 1988 திரும்பவும் நடக்கலாம். நிசியாவில் ஒற்றுமைக்காகப் பிரார்த்தித்துவிட்டுத் திரும்பிய லியோவின் மேசையில் அந்தக் கோப்பு காத்திருக்கிறது.